பாக்ஸ்64-இல் ஃபாஸ்ட்ரவுண்ட் = 0: ராணிப்பேட்டை டேனரியில் இரண்டு வருட அனுபவம்

ராணிப்பேட்டையில் சித்தப்பாவின் டேனரியில் தோல் அளக்கும் மிஷினோடு ஒரு பழைய லினக்ஸ் மென்பொருள் ஓடுகிறது. லாட்டுக்கு எத்தனை பீஸ், எத்தனை சதுர அடி, சராசரி என்ன என்று கணக்கு வைப்பது அதன் வேலை. மூல நிரல் எங்களிடம் இல்லை. பழைய கம்ப்யூட்டர் போனதும் ராஸ்பெர்ரி பை 4 வாங்கி, பாக்ஸ்64 போட்டேன். இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டருக்கான எக்ஸ்86-64 புரோகிராமை, ராஸ்பெர்ரி பையில் இருக்கும் ஆர்ம் செயலியில் ஓட்டும் எமுலேட்டர் அது. வேகத்தில் ஒரு குறையும் இல்லை. மே மாத வெயிலுக்கு மட்டும் ஃபேன் வைக்கவேண்டி வந்தது.

மூன்று வாரம் கழித்துக் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். "தம்பி, பீஸே இறங்காத லாட்டுக்கும் சைபர்னு ஒரு வரி விழுது. மாச சராசரி குறையுதே!"

புரோகிராமில் உள்ள செயலிக் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் பிரித்துப் பார்த்தேன். பீஸ் இல்லாத லாட்டில் அது 0.0-ஐ 0.0-ஆல் வகுக்கிறது. விடை ‘நேன்’, அதாவது எண்ணே அல்லாத மதிப்பு. அதை 32 பிட் முழு எண்ணாக மாற்றினால் எக்ஸ்86-இல் தசம எண் கணக்குக்கான எஸ்எஸ்இ கட்டளை −2147483648 தரும். ஆர்ம் 0 தரும். ரிஸ்க்-வி செயலியாக இருந்திருந்தால் 2147483647 வந்திருக்கும். இதில் எந்தச் செயலியும் தப்புச் செய்யவில்லை, சி மொழியிலேயே இது வரையறுக்கப்படாத நடத்தைதான். ஆனால் எங்கள் மென்பொருள் ‘மைனஸ் வந்தால் வரியை விட்டுவிடு’ என்று எக்ஸ்86-ஐ நம்பி எழுதப்பட்டிருந்தது. ஆர்மில் 0 வந்ததால் அந்த வரி விழுந்துவிட்டது.

பாக்ஸ்64-இல் இதற்கென்றே டைனாரெக் ஃபாஸ்ட்ரவுண்ட் என்ற அமைப்பு உண்டு. (டைனாரெக் என்பது எக்ஸ்86 கட்டளைகளை ஓடும்போதே ஆர்ம் கட்டளைகளாக மாற்றும் பகுதி.) இயல்பாக அது 1, வேகத்துக்காக. விளையாட்டுகளுக்கு அது நியாயமான தேர்வு. 0 என்று வைத்தால், முழு எண்ணாக மாற்றுவதற்கு முன், தசம எண் கணக்கின் நிலையைக் குறித்துவைக்கும் ஆர்மின் எஃப்பிஎஸ்ஆர் பதிவேட்டில் ‘செல்லாத செயல்’ பிட்டை அழித்துவிட்டு, மாற்றியபின் அது எழுந்ததா என்று பார்க்கிறது. எழுந்திருந்தால் எக்ஸ்86 தரும் அதே மதிப்பை வைக்கிறது. கூடுதலாகச் சில கட்டளைகள்தான். எங்கள் வேலையில் தாமதமே தெரியவில்லை. கணக்கு எழுதும் எதற்கும் 0-தான் வைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செயலி தரும் விசித்திரமான விடையும் அந்தச் செயலியின் நடத்தைதான், எமுலேட்டர் அதையும் அப்படியே தரவேண்டும்.

இதைச் சோதிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நேனையும், 32 பிட்டில் அடங்காத 3,000,000,000-ஐயும் சோதனை நிரலுக்குள் மாறிலியாக எழுதாதீர்கள். நிரலைச் செயலிக் கட்டளையாக மாற்றும் கம்பைலர் தானே முன்கூட்டி விடை போட்டுவிடும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதில் ஏமாந்தேன். இயக்கும்போது கட்டளை வரியிலிருந்து கொடுங்கள். −3,000,000,000 உதவாது, இரண்டு செயலியும் அதற்கு ஒரே விடைதான் தரும்.

அந்த மூன்று வார சைபர் வரிகளைக் கணக்குப்பிள்ளையும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினோம். அப்புறம் இதுவரை ஒன்றுகூட விழவில்லை. பாக்ஸ்64-இன் புதிய பதிப்பு போட்டால், காலையில் முதல் லாட் இறங்கும் முன் அந்தச் சின்னச் சோதனையை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.