தோட்டத்துல பைப்லைன் புதைச்சு நாலு வருஷம் ஆச்சு: ஜேசிபியா, டிரெஞ்சரா, ஆளா?

2021 தை மாசம், பொங்கல் முடிஞ்ச கையோட போட்ட லைனுங்க இது. பல்லடம் பக்கம் தோட்டம், கெணறு கெழக்க கடைசில இருக்கு, மேக்கால இட்டேரி (வண்டித்தடம்) தாண்டி நாலு ஏக்கரா காடு தண்ணி இல்லாம சும்மா கெடந்துச்சு. அங்க கொண்டு போறதுக்கு 1,100 அடி, மூணு இஞ்ச் பிவிசி, 6 கிலோ அழுத்தம் தாங்கற பைப்பு, 20 அடி லென்த்துல கணக்கு போட்டா 55 லென்த்து. கூடவே மோட்டார் ரூம்ல இருந்து புது போருக்கு கேபிள் போறதுக்கு 350 அடி தனி குழி. ஒரே தோட்டத்துல மூணு விதமா தோண்டி, மூணுக்கும் காசு குடுத்து, நாலு வருஷமா அதோட பலனையும் பாத்துட்டு எழுதறேன், எதை எடுக்கறதுன்னு கொழம்பிட்டு இருக்கறவங்களுக்கு ஆகும்.

மொதல்ல ஆழம். ரோட்டவேட்டர் அரை அடி கூட போகாது, சட்டிக் கலப்பை ஒரு அடி கிட்ட போகும், உளிக்கலப்பை விட்டா ஒன்றரை அடி. அதனால ரெண்டரை அடின்னு முடிவு பண்ணோம். பக்கத்து தோட்டத்துப் பெரியப்பா "ஒன்றரை அடி போதும் கண்ணு, எதுக்கு வெட்டிச் செலவு"ன்னாரு, அவரு லைனை ரெண்டு வருஷம் முன்னாடி அவரு மகனே உளிக்கலப்பைல கிழிச்சாப்ல, அதைப் பத்தி இப்ப வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல.

மொதோ 300 அடி ஜேசிபி. தெரிஞ்ச வண்டி, கூப்ட்ட ஒடனே வந்துச்சு, மணிக்கு 1,100 ரூபா. மூணு மணி நேரம் தோண்டவும், ஒரு மணி நேரம் மூடவும் ஆச்சு. பாக்கறதுக்கு சூப்பரா இருந்துச்சு. ஆனா வந்த வண்டில ரெண்டு அடி பக்கெட்டு, மூணு இஞ்ச் பைப்புக்கு ரெண்டு அடி அகலத்துல குழி, எவ்ளோ மண்ணு வெளிய வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. எங்க காட்டுல மேல ஒன்றரை அடி செம்மண்ணு, அதுக்குக் கீழ வெள்ளையா சுண்ணாம்பு மண்ணு. ஆப்பரேட்டர் எல்லாத்தையும் ஒரே குவியலா போட்டு, திரும்ப ஒரே தள்ளா தள்ளிட்டாரு, வெள்ள மண்ணு மேல வந்துருச்சு. அந்த வருஷம் மக்காச்சோளம் போட்டா காடு பூராம் ஆள் ஒசரம், லைன் போன எடத்துல மட்டும் முட்டி அளவு, மஞ்சளா, மொட்டை மாடில இருந்து பாத்தா கோடு போட்ட மாதிரி தெரியும். ரெண்டு வருஷம் ஆட்டுப்பட்டி போட்டு தான் சரியாச்சு. மொத மழைக்கே குழி முக்கால் அடி எறங்கிருச்சு, ரெண்டு டிராக்டர் மண்ணு தனியா அடிச்சேன்.

அதை விடப் பெரிய கூத்து ரெண்டாவது வருஷம் சித்திரைல. காடெல்லாம் காஞ்சு கெடக்குது, ஜேசிபி லைன்ல ஒரு எடத்துல மட்டும் கோரை பச்சப்பசேல்னு நிக்குது. தோண்டிப் பாத்தா பைப்பு மேல முஷ்டி அளவு கல்லு ஒண்ணு உக்காந்திருக்கு, அதுக்கு நேர் கீழ நட்சத்திரம் மாதிரி விரிசல். மண்ணு தள்ளும்போது உள்ள விழுந்த கல்லு, மேல டிராக்டர் போகப் போக அழுத்தி அழுத்தி உடைச்சிருக்கு. பைப்பு மேல அரை அடிக்கு கல்லில்லாத மண்ண ஆளு விட்டு மம்பட்டில போட்டுட்டு அப்பறம் தான் வண்டிய விட்டுத் தள்ளணும். அன்னைக்கு ரெண்டு ஆள் கூலிய மிச்சம் புடிச்சேன்னு நெனச்சு எனக்கு நானே வெச்சுக்கிட்ட வேட்டு அது.

அடுத்த 600 அடிக்கு டிராக்டர்ல மாட்டற செயின் டிரெஞ்சர். அடிக்கு 7 ரூபா, கொறஞ்சது 500 அடி இருந்தா தான் வருவேன்னாரு. பெரிய ரம்பம் மாதிரி செயின் சுத்திட்டே கீழ எறங்கும், வண்டி நத்தை மாதிரி ஊர்ந்து போகும். ஆறு இஞ்ச் அகலம், ரெண்டரை அடி ஆழம், சைடு செவுரு கத்தில வெட்டின கேக்கு மாதிரி நிக்கும். ரெண்டு மணி நேரத்துல 600 அடி முடிஞ்சுச்சு. வெளிய வர்ற மண்ணு பொலபொலன்னு மாவா இருக்கும், அதையே பைப்பு மேல போட்டுக்கலாம். மூடறதுக்கு ரெண்டு ஆள், ஒரு நாள். தென்னை வேரு வந்துச்சுன்னா நறுக்குனு வெட்டிட்டுப் போயிருது, ஜேசிபி மாதிரி புடிச்சு இழுத்து மரத்தையே ஆட்டறதில்ல. நாலு வருஷத்துல இந்த 600 அடில மண்ணுனால ஒரு லீக்கு கூட வரல, மூணு நாலு இஞ்ச் தான் எறங்குச்சு, ஒரு ஓட்டு உழவுல அதுவும் போயிருச்சு.

எங்க சித்தப்பா பையன் "மிஷின மட்டும் வாடகைக்கு வாங்கி நம்ம டிராக்டர்லயே மாட்டிக்கலாம்ணா"ன்னு குதிச்சான். மாட்டியும் பாத்தோம். க்ரீப்பர் கியர், அதாவது நத்தை வேகத்துல ஊர்றதுக்கான கியர், இல்லாத வண்டி, மொத கியர்லயே டிரெஞ்சருக்கு அது ரேஸ் மாதிரி வேகம், பத்தடி போறதுக்குள்ள செயின் திக்கி நின்னுருச்சு. வாடகைக்குக் கூப்பிடும்போது வண்டில க்ரீப்பர் கியர் இருக்கான்னு கேட்டுட்டே கூப்பிடுங்க. ஈர மண்ணுலயும் கூப்பிடாதீங்க, செயின்ல களி அப்பிக்கிட்டு மண்ண வெளிய தள்ளாது.

ஆறு இஞ்ச் குழிக்குள்ள எறங்கி ஜாயின்ட் ஒட்ட முடியாது, எல்லாத்தையும் மேலயே ஒட்டிட்டு தான் எறக்கணும். நாங்க உச்சி வெயில்ல ஒட்டி, இழுத்து நேரா படுக்க வெச்சு, சாயங்காலமே மூடிட்டோம். காலைல மோட்டார் போட்டா கடைசி எல்போ கழண்டு பீச்சுது! பிவிசி 100 மீட்டருக்கு 20 டிகிரி சூடு எறங்கினா சுமார் 14 சென்டிமீட்டர் சுருங்கும், எங்க 600 அடிக்கு முக்கால் அடிக்கு மேல வருது. இதை முன்னாடியே ஒருத்தரும் சொல்லல. இப்பல்லாம் காலைல வெயிலுக்கு முன்னாடி ஒட்டறது, குழில பாம்பு மாதிரி லேசா வளைச்சு விடறது, நடு நடுவுல மட்டும் மண்ணு போட்டு ஜாயின்ட்ட தொறந்து வெச்சு ஒரு ராத்திரி விட்டு, தண்ணி ஓட்டிப் பாத்துட்டு தான் மூடறது.

மிச்சம் 200 அடி சுக்காம்பாறை. டிரெஞ்சர் 20 அடி போராடுச்சு, செயின்ல மூணு பல்லு போச்சு, "இதுக்கு மேல நம்மளால ஆவாதுங்ணா"ன்னு அவரு வண்டிய தூக்கிட்டாரு, பல்லுக்கு தனியா காசு குடுத்தேன், நியாயம் தானே. அங்க மறுபடியும் ஜேசிபி தான், ஆனா இந்தத் தடவ ஒரு அடி பக்கெட்டு இருக்கற வண்டியா தேடிப் புடிச்சேன், கொஞ்ச தூரம் பாறை உடைக்கற பிரேக்கர் வேற. கீழ முட்டு முட்டா கல்லு நிக்கும், அதுல பைப்ப அப்படியே வெச்சா முடிஞ்சுது கதை, நாலு இஞ்சுக்கு சலிச்ச மண்ணு பரப்பி அது மேல வெச்சோம். அந்த 200 அடில தான் இட்டேரியும் வருது, கரும்பு லோடு டிராக்டர் எல்லாம் போற தடம், அங்க மட்டும் மூணரை அடி எறக்கி ஆறு இஞ்ச் பழைய பைப்பு ஒண்ண உறையா போட்டு அதுக்குள்ள நம்ம பைப்ப விட்டாச்சு. அது இன்னைக்கு வரைக்கும் அசையல.

கேபிள் குழி 350 அடில 290 அடி டிரெஞ்சர், வீட்டோரம் 60 அடி கடப்பாரையும் மம்பட்டியும் தான், அங்க பழைய லைன் எது எங்க போகுதுன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது, மிஷின் விட்டா அவ்ளோ தான். தண்ணி பைப்போட ஒரே குழில கேபிள போட்டுறலாம்னு ஆசை வரும், வேண்டாங்க, நாளைக்கு லீக்குக்கு தோண்டற ஆளு கடப்பாரைய கேபிள்ல எறக்கிருவான். ரெண்டு அடி தள்ளி தனியா போட்டு, மேல செங்கல் வரிசை அடுக்கி மூடினேன். மூணாவது வருஷம் ஒரு நாள் மோட்டார் எடுக்கல, ஒரு ஃபேஸ் வரல, தேடிப் பாத்தா ஆளு வெட்டின 60 அடிலயே பெருச்சாளி கேபிள் போற குழாயையும் (கண்டியூட்டு) கடிச்சு கேபிளையும் கடிச்சிருக்கு. சல்லிசா கெடச்ச மெல்லிசு கண்டியூட்டு, அதும்மேல மண்ண மிதிக்காம லூசா விட்டது, ரெண்டும் என் தப்பு. மிச்ச 290 அடிக்கு கெட்டியான ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் ரோல் போட்டிருந்தேன், அதுல பல்லு பட்ட தடம் மட்டும் இருந்துச்சு. ஒரு நல்ல காரியம், 100 அடிக்கு ஒரு சேம்பர் (சின்னத் தொட்டி) கட்டி உள்ள நைலான் கயிறு விட்டு வெச்சிருந்தேன், அதனால அந்தத் துண்ட மட்டும் உருவி புதுசு இழுத்தாச்சு, அரை நாள் வேலை.

இந்தக் களை எடுக்கற பவர் வீடர்ல மாட்டற குட்டி டிரெஞ்சர பத்தி கேக்கறாங்க. பக்கத்து ஊர்ல ஒருத்தர் வாங்கி வெச்சிருக்காரு, ஒரு அடில டிரிப் சப்லைன் போட செம்மண்ணுல நல்லாவே வெட்டுது, கல்லு தட்டுச்சுன்னா வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது, கைப்புடி விட்டுப் போயிரும். மெயின் லைனுக்கு அது ஆவாது. வெளிநாட்டு வீடியோல குழியே வெட்டாம கலப்பை மாதிரி ஒண்ண விட்டு பைப்ப மண்ணுக்குள்ள இழுத்துட்டே போறதும் பாத்திருப்பீங்க, அதுக்கு வளையற ரோல் பைப்பு வேணும், நம்ம 20 அடி பிவிசிக்கு வேலைக்கு ஆகாது.

மூடறதுக்கு முன்னாடி டேப்ப வெச்சு போட்டோ எடுத்துக்கங்க. நான் "வடக்கு வரிசை மூணாவது தென்னைல இருந்து நாலு அடி கெழக்க"ன்னு நோட்டுல எழுதி வெச்சது தான் அந்தக் கோரை லீக்குல ஒரே குழில ஆள நேரா பைப்பு மேல எறக்குச்சு.

இப்ப தெக்கால காட்டுக்கு இன்னொரு 400 அடி போகணும், கேபிள் குழியும் சேத்தா 500 வந்துரும், அதே டிரெஞ்சர்காரர் தான், இப்ப அடிக்கு 9 ரூபா கேக்கறாரு. ஐப்பசி மழை நின்னு மண்ணு நாலஞ்சு நாள் காஞ்சதும் வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள 20 அடிக்கு ஒரு குத்து கடப்பாரைல குத்திப் பாத்து, கல்லு தட்டற எடத்துல எல்லாம் சுண்ணாம்புல குறி போட்டு வைக்கணும், பாதி தூரம் போட்டாச்சு, இது வரைக்கும் ரெண்டு எடத்துல தட்டியிருக்கு.