கிரேடிங் செய்து விற்பதா, அப்படியே விற்பதா? ஆறு வெள்ளிக் குத்திகளின் கணக்கு

அம்மம்மாவின் தகரப் பேணிக்குள்ளிருந்து போன வருசம் ஆறு வெள்ளி நாணயக் குத்திகள் கிடைத்தன. ஆறும் 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இது பெரிய அதிசயமில்லை, வருசப் பிறப்புக்குக் கைவிசேசம் கொடுக்க வெள்ளிக் காசு வேண்டுமென்று எடுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கூரை வேலைக்காக நாலை விற்க வேண்டி வந்தது. கிரேடிங்குக்கு, அதாவது தரம் பார்த்து எண் போடும் நிறுவனத்துக்கு, அனுப்பி விற்பதா, இருக்கிற மாதிரியே கொடுப்பதா என்று குழம்பி, கடைசியில் இரண்டை அனுப்பினேன், இரண்டை அப்படியே விற்றேன். இப்ப யாரும் கேட்டால் அப்படியே வில்லுங்கோ என்றுதான் சொல்லுவேன். விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

கிரேடிங் என்ன என்பது பலருக்குத் தெரியும். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், அடுத்த வருசம் வந்த என்ஜிசி, இந்த இரண்டு நிறுவனங்களின் பெயருக்குத்தான் சந்தையில் மதிப்பு. குத்தி அசலா என்று பார்த்து, 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில் ஒரு எண் கொடுத்து, ஸ்லாப் என்கிற மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். ஸ்லாப்பின் இலக்கத்தை இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத குத்தி.

அப்படியே விற்கப் போனால் இரண்டு வகை ஆட்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர் முகப்பைக்கூடப் பார்க்கமாட்டார், தராசில் போடுவார். 28.28 கிராம், ஏறக்குறைய மூன்றரைப் பவுன் நிறை. ஆயிரத்துக்கு 925 வெள்ளி என்பதால் சுத்த வெள்ளி 26 கிராமுக்குச் சற்று மேலே. அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கினால் வருவதுதான் அடிமட்ட விலை, அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. மற்றவர் சேகரிப்பாளர். அவர் சட்டைப் பையிலேயே பூதக்கண்ணாடி இருக்கும், எண்ணை அவரே போட்டுக்கொள்வார். என்னிடம் வாங்கியவர் ஸ்லாப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெள்ளி விலைக்கு மேலே ஒரு தொகை சொன்னார், பேரம் முடிந்தது.

அனுப்பிய இரண்டும் கனடாவிலிருந்து வந்திருந்த மச்சானின் பையில் போயின. கட்டணம், முகவருக்குரிய பங்கு, போக வரக் காப்புறுதித் தபால். மச்சான் கணக்கை வட்ஸ்அப்பில் அனுப்பினபோது இந்தக் குத்திக்கு இவ்வளவா என்று அம்மா கேட்டா. குத்தி எவ்வளவு மலிவானாலும் குறைந்தபட்சக் கட்டணம் குறையாது. அதனால் 1998 சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த இரு உலோகப் பத்து ரூபாய், 1999 கிரிக்கெட் ஐந்து ரூபாய், 2013இன் இருபத்தைந்து மாவட்டப் பத்து ரூபாய்கள் எல்லாவற்றுக்கும் இந்த யோசனையே வேண்டாம். யாழ்ப்பாண மாவட்டக் குத்தி என்று உணர்ச்சிவசப்பட்டாலும் விலை ஏறாது.

ஆனால் செலவைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது: குத்தியை யாராவது துலக்கியிருக்கிறார்களா? என்னைக் கேட்டால் முடிவு இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. எங்கள் வீடுகளில் வெள்ளி கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்பார்கள், பித்தளை விளக்கென்றால் புளி. சுவாமி அறையில் இருக்கும் வெள்ளிக் காசுக்கும் அதே பூசைதான். திருநீறு எவ்வளவு நைசாக இருந்தாலும் வெள்ளியில் மயிர்க்கோடு போடும். கண்ணுக்குப் புதுக்குத்தி மாதிரி மினுங்கும், கிரேடிங் மேசையில் பிடிபட்டுவிடும். பிடிபட்டால் எண் கிடைக்காது. துலக்கப்பட்டது என்ற குறிப்போடு, 'டீட்டெயில்ஸ்' என்று எழுதி அடைத்துத் தருவார்கள். கட்டணம் திரும்பாது. அதைவிட மோசம், குத்தியின் குறை இப்போது ஸ்லாப்பிலேயே அச்சடிக்கப்பட்டிருக்கும், வாங்க வருபவர் முதலில் அதைத்தான் வாசிப்பார்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில் மற்ற விளக்குகளை அணைத்து, ஒரு மேசை விளக்கின் கீழே குத்தியை ஓரத்தில் பிடித்துச் சாய்த்துச் சுழற்றுங்கோ. தொடாத குத்தியில் வெளிச்சம் வண்டிச் சில்லின் ஆரக்கால் மாதிரிச் சுற்றி ஓடும். துலக்கியதில் ஓடாது, முழுக்க ஒரே மாதிரி வெளிறி மினுங்கும், பூதக்கண்ணாடியில் ஒரே திசையில் கோடுகள் தெரியும். கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். இயல்பாக ஏறிய நீலமும் மண்ணிறமும் கலந்த கறுப்புக்குக் கூடக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சோதனையை நான் அனுப்பிய பிறகுதான் படித்தேன். நல்ல வெள்ளையாக இருக்கிறதென்று நான் ஆசையாய்த் தெரிந்தெடுத்த குத்தி டீட்டெயில்ஸ் என்று திரும்பியது. கடுதாசியில் சுற்றிக் கறுத்துக் கிடந்த மற்றது 63 வாங்கியது. அதை மச்சான் அங்கேயே விற்றான், செலவு போக, இங்கே கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூட. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம்தான்.

அப்ப விதிவிலக்கு யாருக்கு? மத்திய வங்கி விற்ற பெட்டியோடு, கை படாமல் இருக்கும் வெள்ளி புரூஃப் குத்தி (சேகரிப்பாளருக்கென்று தனியாக மினுக்கி அடித்தது) உங்களிடம் இருந்து, வாங்குபவர் படத்தை மட்டும் பார்த்து விலை கேட்கும் வெளிநாட்டு ஏலத்தில் விற்பதென்றால், எண் உதவும். அசலா போலியா என்ற சந்தேகம் விலையைத் தின்னும் குத்திக்கும் அப்படித்தான். தங்கக் குத்தி என் கையில் இருந்ததில்லை, அதற்கு நான் ஆளில்லை. அனுப்பியதும் இரண்டே இரண்டு குத்திதான், அந்த அளவுக்கே என் பேச்சை எடுங்கோ.

மிச்சம் இரண்டு இப்போது அமிலமில்லாத கடுதாசி உறைக்குள் இருக்கின்றன. மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் பைக்குள் போடாதேயுங்கோ, நாள்பட்டால் பச்சையாய்ப் பிசுபிசுக்கும். ஸ்லாப்பில் வந்ததை அம்மா சுவாமித் தட்டில் வைத்திருக்கிறா. பெட்டியை உடைத்துத் தந்தால் வருசத்துக்குள் ஒருக்காத் துலக்கி வைப்பேன் என்கிறா.