மாடிக்கு ஏத்துனா ரீசெட் ஆகுதா? 7805, பக் மாட்யூல், போன் சார்ஜர் மூணுல எது தேறும்

டேபிள் மேல வச்சா ஓடுது, மாடிக்கு ஏத்துனா ரீசெட் ஆகுது. சென்னைல ஹாபி எலக்ட்ரானிக்ஸ் பண்ற பாதி பேருக்கு முதல் உருப்படியான ப்ராஜெக்ட் வாட்டர் டேங்க் தான், சம்ப்ல தண்ணி இருக்கா, மேல டேங்க் ரொம்பிடுச்சா, மோட்டார போடவா நிறுத்தவான்னு பாத்துக்க ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), தண்ணி மட்டம் அளக்க ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ரிலே (போர்டு சொல்றபடி ஆன் ஆஃப் ஆகுற சுவிட்ச்). அவங்க கிட்டேர்ந்து வர்ற புலம்பலும் பெரும்பாலும் இதே தான். உடனே ப்ரோக்ராம் கோட தான் சந்தேகப்படுறாங்க, லைப்ரரிய மாத்துறாங்க, போர்டு டூப்ளிகேட்டுன்னு இன்னொரு போர்டு வாங்குறாங்க. 5 வோல்ட் எங்கேர்ந்து வருது, எப்படி வருதுன்னு பாக்குறது கடைசில தான்.

அதனால இங்க 5 வோல்ட்ட மட்டும் பாப்போம். நம்ம கைல இருக்குற வழி மூணு: 7805 ரெகுலேட்டர் ஐசி (வோல்டேஜ 5ல புடிச்சு நிறுத்துற சில்லு), எல்எம்2596 பக் மாட்யூல் (வோல்டேஜ வேகமா ஆன் ஆஃப் பண்ணி, அதாவது ஸ்விட்சிங்ல, குறைக்கிற சின்ன போர்டு), வீட்ல சும்மா கெடக்குற போன் சார்ஜர்.

எது சரின்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க போர்டு எப்ப சாகுதுன்னு கவனிங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. மதியம் மட்டும் செத்துட்டு ராத்திரி ஒழுங்கா ஓடுனா சூடு. வைஃபை கனெக்ட் ஆகுற நேரத்துல செத்தா வோல்டேஜ் ஒரு நொடிக்கும் கம்மியான நேரம் இறங்கி ஏறுது. ரிலே டக்குன்னு அடிக்கும்போது, இல்ல மோட்டார் நிக்கும்போது செத்தா அது வேற கதை, அதுக்கு கடைசில வரேன்.

முதல்ல 7805. ரிச்சி ஸ்ட்ரீட்ல கவுண்டர்ல நின்னு “அண்ணே, 5 வோல்ட் ரெகுலேட்டர் ஒண்ணு”ன்னா கைல வர்றது இது தான், ஒரு டீ குடிக்கிற காசு. கொஞ்சம் அனுபவமான கடைக்காரரா இருந்தா “உள்ள எவ்ளோ வோல்ட் தம்பி, எவ்ளோ ஆம்ப் இழுக்கும்?”னு திருப்பிக் கேப்பாரு, அந்த கேள்விக்கு பதில் தெரியாம வாங்கிட்டு வந்தா தான் பிரச்சனையே. 7805 லீனியர் ரெகுலேட்டர், அதாவது மிச்ச வோல்டேஜ அப்படியே சூடாக்கி வெளிய தள்ளும். வேற எந்த வித்தையும் அதுக்கு தெரியாது. 12 வோல்ட் உள்ள குடுத்து, ஈஎஸ்பி32, சென்சார், ரிலே எல்லாம் சேந்து சராசரியா 200 மில்லி ஆம்ப் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க, 7 வோல்ட் பெருக்கல் 0.2, 1.4 வாட் சூடு. ஹீட் சிங்க் (சூட்ட வெளிய கடத்துற உலோகத் துண்டு) இல்லாத டிஓ-220 பேக்கேஜ் (7805 வர்ற மூணு கால் உறை) ஒரு வாட்டுக்கு சுமார் 65 டிகிரி ஏறும், ஆக சுத்தி இருக்குற காத்த விட 90 டிகிரி அதிகம். ஃபேன் போட்ட ரூம்ல தாங்கிடும். மே மாசம் மொட்டைமாடில மூடுன ப்ளாஸ்டிக் பெட்டிக்குள்ள 50 டிகிரி இருந்தா 140, டேட்டாஷீட் சொல்ற 125 டிகிரி எல்லைய தாண்டியாச்சு. அதுக்கு மேலயும் ஏறுனா ஐசி தன்னையே காப்பாத்திக்க ஆஃப் ஆகும், ஆறுனதும் திரும்ப ஆன் ஆகும், நீங்க கீழ ஒக்காந்து கோட்ல நேரம் எண்ணுற மில்லிஸ் ஃபங்க்ஷன குறை சொல்லிட்டு இருப்பீங்க.

இதுல இன்னொரு கூத்து, பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் டைப் 12 வோல்ட் அடாப்டர். தூக்கிப் பாத்தா கனமா இருக்குமே, அது. லோடு கம்மியா இருந்தா 16 வோல்ட் வரைக்கும் கூட வெளிய வரும், லேபிள்ல 12ன்னு தான் போட்டிருக்கும். அப்ப 1.4 வாட் இல்ல, 2.2 வாட். மீட்டர் வச்சு பாக்காம லேபிள நம்பாதீங்க.

ஆனா 7805 மேல எனக்கு ஒரு மரியாதை உண்டு. வெளிய வர்ற 5 வோல்ட் சுத்தமா இருக்கும், ஸ்விட்சிங் சத்தமே (வோல்டேஜ்ல வர்ற நடுக்கம்) கெடையாது. சின்ன ஆடியோ ஆம்ப், லோட் செல் தராசு, அனலாக் சென்சார் மாதிரி 20, 30 மில்லி ஆம்ப் வேலைக்கு நான் இன்னிக்கும் இதத் தான் போடுவேன். உள்ள 0.33, வெளிய 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஐசி கால் கிட்டயே போடணும், கம்பி இழுத்து தூரமா போட்டா அது போட்டதுக்கே அர்த்தமில்ல.

அடுத்தது பக் மாட்யூல். அதே கணக்கு, 12 வோல்ட், 200 மில்லி ஆம்ப். வெளிய 1 வாட் வேணும், சுமார் 80 சதவீதம் எஃபிஷியன்சின்னா உள்ள 1.25 வாட் இழுக்கும், கால் வாட் தான் சூடு. 7805ல இதே வேலைக்கு 2.4 வாட் உள்ள போகுது. அடாப்டர் 16 வோல்ட் குடுத்தாலும் இது அலட்டிக்காது, ஐசி 40 வோல்ட் வரைக்கும் தாங்கும் (மாட்யூல்ல போட்டிருக்குற உள் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 35 அல்லது 50 வோல்ட், அத ஒரு தடவ படிச்சுக்கோங்க). மாடில வைக்கிற பெட்டிக்கு இது தான் என் சாய்ஸ்.

ஆனா இதுல ஒரு கண்ணிவெடி இருக்கு, வெளிய வர்ற வோல்டேஜ செட் பண்ற அந்த நீல கலர் ப்ரீசெட். கடைலேர்ந்து வரும்போது அது எங்க நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது, 12 வோல்ட் உள்ள குடுத்தா வெளியயும் கிட்டத்தட்ட 12 வரலாம், அத நேரா ஈஎஸ்பி போர்டுல சொருகுனா போர்டுக்கு சங்கு தான். முதல்ல வெளிய எதையும் மாட்டாம மீட்டர மட்டும் வைங்க. சின்ன ஸ்க்ரூட்ரைவரால இடது பக்கமா திருப்புங்க. திருப்பிட்டே இருப்பீங்க, மீட்டர் நம்பர் அசையாது, மாட்யூல் போச்சுன்னு தோணும், போகல, அது பல சுத்து ப்ரீசெட், தொடர்ந்து திருப்புனா ஒரு இடத்துல திடீர்னு இறங்க ஆரம்பிக்கும், அங்கேர்ந்து மெதுவா. 5.1 வந்ததும் நிறுத்திட்டு ஸ்க்ரூ மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ். வீட்ல தங்கச்சி கிட்ட கேட்டா திட்டிட்டு குடுப்பாங்க.

மாட்யூல்ல 3 ஆம்ப்னு போட்டிருக்கும். ஹீட் சிங்க் இல்லாம ஒன்றரை ஆம்புக்கு மேல நான் நம்ப மாட்டேன். ஐசி ஒரிஜினலா இருந்தா 150 கிலோஹெர்ட்ஸ்ல ஓடணும், மார்க்கெட்ல அதே நம்பர மேல அடிச்சுட்டு அதுல மூணுல ஒரு பங்கு ஸ்பீடுல ஓடுற டூப்ளிகேட் நெறைய சுத்துது, அதுல ரிப்பிள் (வோல்டேஜ் நடுக்கம்) அதிகம், காயில் சூடாகும். ஈஎஸ்பிக்கு இது பெருசா தெரியாது, ஆடியோ ஆம்ப்ல கீச்சுன்னு கேக்கும், லோட் செல் நம்பர் ஆடும். அந்த மாதிரி ப்ராஜெக்ட்டுக்கு பக் மாட்யூல 7.5 வோல்ட்டுக்கு செட் பண்ணி அதுக்கு பின்னாடி 7805 போடுங்க, சூடும் கம்மி, சத்தமும் கம்மி. 7805க்கு குறைஞ்சது 7 வோல்டாவது உள்ள வேணும், அதுக்குக் கீழ செட் பண்ணிடாதீங்க.

போன் சார்ஜர். வீட்டுக்குள்ள, ப்ளக் பாயின்ட் பக்கத்துல வைக்கிற ப்ராஜெக்ட்டுனா பேசாம இதயே போடுங்க, நீங்களும் நானும் டாட் போர்டுல சால்டர் பண்றத விட நல்ல சப்ளை அதுக்குள்ள ஏற்கனவே இருக்கு, ஷார்ட் ஆனா தன்னால நிக்கும், 230 வோல்ட் பக்கம் தனியா பிரிஞ்சிருக்கும். பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர்-னு ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் இருக்குற சார்ஜரா இருக்கணும், ப்ளாட்ஃபார்ம்ல பேர் இல்லாம விக்கிறத ஈரம் படுற இடத்துல வச்சு ரிஸ்க் எடுக்காதீங்க. டைப்-சி டூ டைப்-சி கேபிள் போட்டா போர்டுக்கு பவரே வரலன்னு சில பேர் சொல்லுவாங்க, அந்த போர்டுல சிசி பின்ல (எதிர்ல ஆள் இருக்கான்னு சார்ஜர் பாக்குற கால்) 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்காது, சார்ஜர் எதிர்ல ஆள் இல்லைனு நெனச்சு கரண்ட் விடாது. பழைய யூஎஸ்பி-ஏ சார்ஜரும் கேபிளும் போட்டா வேலை முடிஞ்சுது.

சார்ஜர் தோக்குற இடம் ஒண்ணு தான், தூரம். ரெண்டு மாடி வீடுன்னு வைங்க, சார்ஜர் கீழ ஹால்ல, போர்டு மேல டேங்க் பக்கத்துல, நடுவுல 15 மீட்டர் லேன் கேபிள், அதுல ஒரு ஜோடில 5 வோல்ட் அனுப்புறீங்க. போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர், 24 கேஜ் செம்புக்கு சுமார் இரண்டரை ஓம். வைஃபை, ரிலே எல்லாம் சேந்து ஒரு கணம் 400 மில்லி ஆம்ப் இழுத்தா கம்பிலயே 1 வோல்ட் போயிடும், மேல போய் சேர்றது 4. போர்டுல இருக்குற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் 3.3 குடுக்க அதுக்கு நாலரை வோல்ட் கிட்ட வேணும். அவ்ளோ தான், ப்ரவுன்அவுட்னு (வோல்டேஜ் பத்தலன்னு) கம்ப்யூட்டர்ல சீரியல் மானிட்டர்ல வந்துட்டு ரீசெட், திரும்ப வைஃபை தேடும், திரும்ப ரீசெட். செம்பு பூசுன அலுமினியம் கேபிளா இருந்தா இன்னும் மோசம்.

இத மல்டிமீட்டர்ல புடிக்க முடியாது. அது சராசரியத் தான் காட்டும், மில்லி செகண்ட்ல இறங்கி ஏறுறத அது பாக்குறதுக்குள்ள முடிஞ்சுடும். ஸ்கோப் (வோல்டேஜ் மாறுறத வரைஞ்சு காட்டுற கருவி) இல்லன்னா பரவால்ல, 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ண போர்டோட 5 வோல்ட், கிரவுண்ட் பின்ல ப்ளஸ் மைனஸ் பாத்து வைங்க, ரீசெட் நின்னாலோ கொறஞ்சாலோ குத்தவாளி சப்ளை தான், கோட தொடாதீங்க.

அதே கேபிள்ல 12 வோல்ட் அனுப்பி மேல பக் மாட்யூல் வச்சா என்ன ஆகும்? 400 மில்லி ஆம்ப் 5 வோல்ட்னா 2 வாட், பக் நஷ்டத்தோட இரண்டரை வாட், 12 வோல்ட்ல அது 0.2 ஆம்ப் சொச்சம், கம்பில அரை வோல்ட் போகும், மேல பதினொன்றரை வரும். பக் அத கண்டுக்கவே கண்டுக்காது. பழைய வைஃபை ரூட்டர் அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்ப் பல வீட்ல கெடக்கும், அது ஸ்விட்சிங் டைப் தான், இதுக்கு கனகச்சிதம். மழைல நனையுற இடத்துக்கு 230 வோல்ட்ட இழுத்துட்டுப் போக வேண்டிய தேவையும் இல்ல.

இப்ப ரிலே கதை. ரிலே அடிக்கும்போது மட்டும் சாகுதுன்னா மெயின் சப்ளைய மட்டும் மாத்தி பெருசா பிரயோஜனம் இல்ல. ஆப்டோகப்ளர் (ரெண்டு பக்கத்தையும் வெளிச்சத்தால மட்டும் இணைக்கிற ஐசி) வச்ச ரிலே மாட்யூலா இருந்தா அதுல ஜேடி-விசிசின்னு ஒரு ஜம்பர் இருக்கும், அத எடுத்துட்டு காயிலுக்கு தனி 5 வோல்ட் குடுங்க, அப்ப தான் ஆப்டோ போட்டதுக்கு அர்த்தம் வரும், ஜம்பரோட விட்டா ரெண்டு பக்கமும் ஒரே சப்ளை தான். அப்புறம் அந்த நீல ரிலே மேல 10 ஆம்ப்னு இருக்கேன்னு 1 எச்பி மோட்டார நேரா அதுல மாட்டாதீங்க, ஸ்டார்ட் ஆகுற கரண்ட் ஓடுறத விட பல மடங்கு, கான்டாக்ட் ஒட்டிக்கும், டேங்க் வழிஞ்சாலும் மோட்டார் நிக்காது. ரிலே கான்டாக்டர (பெரிய கரண்ட்ட தாங்குற பெரிய ரிலே) ஓட்டட்டும், கான்டாக்டர் மோட்டார ஓட்டட்டும். கான்டாக்டர் காயில் ஆஃப் ஆகும்போது கெளம்புற ஸ்பைக்க அடக்க, காயிலுக்கு குறுக்க 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸ் வோல்டேஜுக்குன்னே செய்யுற ரகம்) கெப்பாசிட்டர் சீரீஸ்ல போடுங்க, 230 வோல்ட் பக்க வேலைய எலக்ட்ரீசியன் அண்ணன கூப்ட்டு பண்ணிக்கோங்க.

பெட்டி விஷயத்த ரெண்டு வரில சொல்லிடுறேன். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 105 டிகிரி போட்டதா கேட்டு வாங்குங்க, 10 டிகிரி சூடு ஏறுனா அதோட ஆயுசு பாதியாகும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காத்துல ஜம்பர் வயரோட பின் பச்ச புடிச்சுடும், சொருகுறத விட்டுட்டு சால்டர் பண்ணிடுங்க. கேபிள் ஓட்டைய பெட்டியோட அடிப்பக்கமா போட்டு க்ளாண்ட் (கேபிள சுத்தி இறுக்கிப் புடிக்கிற மூடி) வச்சு இறுக்குங்க, இல்லன்னா மழைத்தண்ணிக்கு முன்னாடி எறும்பும் பல்லியும் குடி வந்துடும்.