போர்டை மாற்றச் சொன்ன இன்வெர்ட்டர், 2,840 ரூபாயில் ஓடுகிறது: காட்பாடி ரிப்பேர் கடை ஒன்றைப் பற்றி

காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாவு மில்லை ஒட்டினாற்போல் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டரில் ‘ஸ்டெபிலைசர், யுபிஎஸ், டிரைவ், சோலார் இன்வெர்ட்டர் சர்வீஸ்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். ‘சோலார்’ மட்டும் வேறு நிறத்தில் இருக்கும், பிற்பாடு சேர்த்தது. கூகுள் மேப்பைக் கேட்டால் மாவு மில்லைத்தான் காட்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. தொலைபேசி இணைப்பகத்தில் பவர் பிளான்ட் பக்கம் 27 வருடம் வேலை பார்த்தவன். 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்தவர்களில் நானும் ஒருவன். வந்த பணத்தில் முதல் வேலையாக மார்ச் மாதம், ஊரடங்குக்கு இரண்டு வாரம் முன்னால், மொட்டை மாடியில் 330 வாட் பேனல் பத்து ஏற்றி பேனலின் டிசியை ஏசியாக்கி இபி லைனுக்குத் தள்ளும் 3 கிலோவாட் இன்வெர்ட்டரும், வாங்குவதையும் கொடுப்பதையும் எண்ணும் இருவழி மீட்டரும் வைத்தேன். பெண்டாட்டி நகை எடுக்கலாம் என்றாள். வேலூர் வெயிலுக்கு இதுதான் நகை என்று சொல்லிவிட்டேன். அந்த வசனத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

நன்றாகத்தான் ஓடியது. வெயில் நாளில் 12 யூனிட், சில நாள் 13. ஆனால் இரண்டாவது வருடத்திலிருந்தே ஒரு கோளாறு. ஞாயிற்றுக்கிழமை நண்பகல், உற்பத்தி உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம், ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’, அதாவது லைனில் வோல்டேஜ் அதிகம் என்று காட்டிவிட்டு இன்வெர்ட்டர் படுத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து டக் டக் என்று ரிலே விழும், ஓடும், மறுபடி படுக்கும். அமைத்துக் கொடுத்தவர்கள் (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு முறையும் ‘இபி லைன் பிரச்னை சார்’ என்றார்கள். 2025 மே மாதம் ஒரு காலையில் டிஸ்பிளேயே வரவில்லை. ஐந்து வருட உத்தரவாதம் முடிந்து சரியாக இரண்டு மாதம். மெயின் போர்டு மாற்ற வேண்டும், 24,500 ரூபாய் என்றார்கள். பெட்டியின் மூடியைக் கூடத் திறக்காமல் சொன்ன விலை அது.

இணைப்பகத்தில் என்னோடு இருந்த நண்பர்தான் இந்தக் கடையைச் சொன்னார். ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனேன். கடைக்காரருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். வாங்கியதும் அவர் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்துவிட்டது. மூடியைத் திறந்து, எதையும் தொடாமல், டிசி பஸ் (உள்ளே உயர் வோல்டேஜ் டிசி ஓடும் தடம்) கண்டென்சரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்த்தார். சுமார் 400 வோல்ட்டில் வேலை செய்கிற கண்டென்சர் அது. கழற்றிய பிறகும் சார்ஜ் தங்கும், ஆளைத் தூக்கி அடிக்கும். மீதம் ஏதாவது இருந்தால் இறக்குவதற்கென்று வயரில் கோத்த குண்டு பல்பு ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. இந்த ஒழுங்கு இல்லாத கடையில் நான் இன்வெர்ட்டர் கொடுக்கமாட்டேன்.

இருபது நிமிடம். ஐஜிபிடிகளை (டிசியை வெட்டி ஏசியாக்கும் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக மீட்டரின் டயோடு மோடில் பார்த்தார். “போர்டு நல்லாத்தான் கீது சார். சோறு போடற எடத்துலதான் கோளாறு” என்றார். சோறு போடுகிற இடம் என்று அவர் சொன்னது துணை சப்ளையை. பேனலிலிருந்து வரும் உயர் வோல்டேஜில் கொஞ்சம் எடுத்து, 15 வோல்ட், 5 வோல்ட் என்று உள்ளே இருக்கும் மூளைக்கும் ஐஜிபிடியைத் தட்டி எழுப்பும் டிரைவருக்கும் கொடுக்கும் குட்டி எஸ்எம்பிஎஸ் (வேகமாக சுவிட்ச் செய்து வோல்டேஜை மாற்றும் சப்ளை) அது. அதில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு எலக்ட்ரோலிடிக் கண்டென்சர். உப்பவில்லை, ஒழுகவில்லை, பார்வைக்குப் புதுசு. கண்டென்சரின் உள் தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரில் வைத்தபோதுதான் சாயம் வெளுத்தது. உள்ளே காய்ந்துபோயிருந்தது.

ஏன் காய்ந்தது என்பதற்கு அவர் சொன்ன கணக்கு நான் வேலையில் இருந்தபோது கேட்டதுதான், ஆனால் என் வீட்டு மாடிக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கண்டென்சரின் மேல் 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். அந்தச் சூட்டில் அதன் ஆயுள் 2000 மணி நேரம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். பெட்டிக்குள் 75 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 16,000 மணி நேரம். சோலார் இன்வெர்ட்டர் பகலில் மட்டும், நாளைக்கு 12 மணி நேரம் விழித்திருக்கும். அப்படியென்றால் மூன்றரை வருடம் சொச்சம். என்னுடையது ஐந்து தாங்கியதற்கு மார்கழிக் குளிருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அதே பெட்டி 65 டிகிரியில் இருந்திருந்தால் ஏழு வருடம்.

“எங்க சார் மாட்டிக்கீறீங்க?” என்று கேட்டார். மாடியில், மேற்குச் சுவரில் என்றேன். சிரித்தார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கையேட்டைத் தேடிப் படித்தேன். நேரடி வெயில் படும் இடத்தில் மாட்டக்கூடாது என்று படம் போட்டே எழுதியிருந்தது. மாட்டியவர்களும் படிக்கவில்லை, 27 வருடம் பவர் பிளான்ட் பார்த்த நானும் படிக்கவில்லை. 97 சதவீதத் திறன் என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள். மீதி 3 சதவீதம் என்பது 3 கிலோவாட்டில் 90 வாட் சூடு. மூடின பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அந்தப் பெட்டியைச் சித்திரை வெயிலில் வைத்த கதைதான்.

அந்தக் கண்டென்சரோடு பக்கத்திலிருந்த நான்கையும் சேர்த்து, 10,000 மணி நேர ரகமாக மாற்றினார். ஐஜிபிடிக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் நடுவில் காய்ந்து பொடியாகிப்போன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினார். சாமான் 640, கூலி 2,200. கடை மாடியில் சோதனைக்கென்றே பேனல் வைத்திருக்கிறார். அதில் மாட்டி, லைனோடு சேர்த்து, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார். ‘பவர் ஆன் ஆகுது, எடுத்துட்டுப் போங்க’ என்கிற ஆள் இல்லை.

இதற்கு மேல்தான் விஷயம். ஞாயிற்றுக்கிழமைக் கோளாறையும் சொன்னேன். மீட்டர் பெட்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் எவ்வளவு தூரம், என்ன வயர் என்று கேட்டார். 30 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம். நண்பகலில் இரண்டு முனையிலும் வோல்டேஜ் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பார்த்தேன். மீட்டரில் 248, இன்வெர்ட்டரில் 254. லைனில் கரண்டைத் தள்ள வேண்டுமானால் இன்வெர்ட்டர் லைனைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும். வயர் மெலிசாக இருந்தால் அந்தப் படி உயரமாகிவிடும். போக வர 60 மீட்டர் கம்பியில் அரை ஓம் கிட்ட வரும், 13 ஆம்பியர் போனால் 6 வோல்ட். என் இன்வெர்ட்டர் 253-ஐத் தாண்டினால் கழன்றுகொள்ளும்படி செட் ஆகியிருக்கிறது, அதாவது 230-க்கு மேல் 10 சதவீதம். ஞாயிறன்று தெருவில் மின்சாரச் செலவு குறைவு, கூடவே இன்னும் மூன்று வீட்டு மாடியிலிருந்து சோலார் வருகிறது, லைன் வோல்டேஜ் ஏற்கெனவே தூக்கலாக இருக்கும். மீதி 6 வோல்ட்டை என் வயரே போட்டுவிட்டது. 6 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்தேன், இன்வெர்ட்டரை மாடிப்படிக்குக் கீழே நிழலுக்கு இறக்கினேன். அதன் பிறகு ஒரு ஞாயிறும் படுக்கவில்லை. நான்கு வருடம் எத்தனை யூனிட்டை இப்படிக் கோட்டைவிட்டேன் என்று கணக்குப் போடவில்லை, போட்டால் வயிறு எரியும்.

கடையில் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் டிரம் சுற்றுகிற மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்று மேசைமேல் கிடந்தது. செம்புத் தடமெல்லாம் கன்னங்கரேல். தோல் பதனிடும் இடத்துச் சல்பைடு வாயு செம்பைத் தின்றுவிடும். பக்கத்தில் சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்பிலிருந்து வந்த சோலார் பம்ப் கன்ட்ரோலர். மூடியைத் திறந்தால் அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒன்றுதான்: ஒரு டிசி பஸ், ஆறு ஐஜிபிடி, ஒரு கட்டுப்பாட்டு போர்டு. ஒன்றுக்கு டிசி கொடுப்பது லைன், இன்னொன்றுக்குப் பேனல். இந்த ஐஜிபிடியை உருவாக்கிய பாலிகா சென்னையில் பிறந்து ஐஐடி மெட்ராஸில் படித்தவர், 2024-இல் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு வாங்கினார் என்று கடைப் பையன்களிடம் சொன்னேன். ஒருவன் நிமிர்ந்து பார்த்து, “அப்ப அவருகிட்ட கொஞ்சம் வெல கம்மி பண்ணச் சொல்லு சார்” என்றான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஏசியை டிசியாக்கும் எங்கள் 48 வோல்ட் ரெக்டிஃபையரை நகர்த்த நான்கு ஆள் வேண்டும், உள்ளே இரும்புக் கட்டை டிரான்ஸ்ஃபார்மர், நாள் முழுக்க ஹூம் என்று முனகும். பிறகு வந்த எஸ்எம்பிஎஸ் மாடியூலை ஒரு கையில் தூக்கிச் செருகினோம். பெரிய அண்டாவில் ஒரு நடை சுமப்பதற்குப் பதில் சொம்பில் ஆயிரம் நடை ஓடுவது மாதிரி. நொடிக்கு ஐம்பது தடவை அல்ல, பல ஆயிரம் தடவை சுவிட்ச் செய்தால் காயிலும் டிரான்ஸ்ஃபார்மரும் சிறுத்துவிடும். கனம் போய்விட்டது, ஆனால் அந்தப் பழைய பூதம் சூட்டைச் சட்டை செய்யாது. இது செய்யும்.

குறைகளும் உண்டு. நான்கு நாள் என்றார், பதினோரு நாள் ஆனது. ஃபோனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் கேட்டால் டைரித் தாளைக் கிழித்து எழுதித் தருவார். உத்தரவாதம் ‘மூணு மாசம் சார்’ என்கிற வாய்ச்சொல்தான். லித்தியம் பேட்டரி சம்பந்தப்பட்டது எதையும் தொடமாட்டார், கேட்டாலும் முகத்துக்கு நேரே முடியாது என்பார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கம்பெனி உத்தரவாதம் மிச்சமிருக்கும் பெட்டியை இங்கே கொண்டுபோகாதீர்கள், சீல் பிரிந்தால் அவர்கள் கைகழுவிவிடுவார்கள்.

எங்கள் தெருவில் இப்போது பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று வரிசையாக ஏற்றுகிறார்கள். போன வாரம் எதிர்வீட்டில் மாட்ட வந்த பையன்கள் இன்வெர்ட்டரை எங்கே வைக்கப் பார்த்தார்கள் தெரியுமா? மேற்குச் சுவர். ஓடிப்போய்த் தடுத்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை. (கரண்ட் போனால் வெயில் இருந்தும் ஏன் ஓடவில்லை என்று அடுத்து அவரே வந்து கேட்பார். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்காக அது தானே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், கோளாறு இல்லை.)

ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது ஃபோனுக்கு. பெட்டியைக் கழற்றும்போது முதலில் ஏசி பிரேக்கர், பிறகு டிசி சுவிட்ச், அதற்குப் பிறகுதான் பேனல் கனெக்டர். ஓட்டத்தில் இருக்கும்போது கனெக்டரை உருவினால் டிசி ஆர்க் அடிக்கும். பயமாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கழற்றுங்கள். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது.