பழைய ஈசி மேட்சா, ஓட்டோ டியூனரா? கல்லடி உப்புக்காற்றில் ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்பு ஏறாத மூலை வளவில் கிடையாது. இங்கே ஹாம் செட் (பொழுதுபோக்காக வானொலியில் பேசும் கருவி) வைத்திருப்பவர், செட்டுக்கும் அன்டெனாவுக்கும் பொருத்தம் செய்யும் அன்டெனா டியூனர் வாங்கப் போனால் விலை, வேகம் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: கறள் பிடித்தால் யார் திருத்துவது?

என் மேசையில் இருப்பது கே.டபிள்யூ. ஈசி மேட்ச், கையால் திருகிப் பொருத்தும் பழைய டியூனர். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் இருந்த கே.டபிள்யூ. எலெக்ட்ரோனிக்ஸ் செய்த பெட்டி. லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்து தந்தார். அதோடு ஒப்பிட எடுத்துக்கொண்டது தானாகவே பொருத்திக்கொள்ளும் 100 வாட் வகை ஓட்டோ டியூனர். கல்முனையில் இருக்கும் நண்பரிடம் இரவல் வாங்கிச் சில காலம் பாவித்தேன். கடைசியில் பழையதையே வைத்துக்கொண்டேன், ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

வேகத்தில் ஓட்டோவுக்குத்தான் வெற்றி. பொத்தானை அமுக்கினால் உள்ளே ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) சடசடவென்று அடித்துச் சில வினாடியில் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தமின்மையைக் காட்டும் அளவு) இறங்கிவிடும். ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஈசி மேட்சில் இரண்டு குமிழ்களை மாறி மாறித் திருக வேண்டும், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரும் வெளியே தனியாக வேண்டும். முதலில் ரிசீவரில் இரைச்சல் கூடும் இடத்தைப் பிடித்து, பிறகு 10 வாட்டில் மெல்லத் திருகினால் பெரிய வேலையில்லை. எண்களைப் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்; என் நினைவகம் அதுதான்.

அன்டெனாவையும் பார்க்க வேண்டும். இரண்டு தென்னைகளுக்கு நடுவே 20 மீற்றர் வயர், நடுவில் அறுத்து டியூனர் வரை இரட்டைக் கம்பி ஃபீடர் (இணைப்புக் கம்பி) இறக்கியிருக்கிறேன். 40 மீற்றர் பாண்டில் (அலைநீளத்தால் பெயரிட்ட அலைவரிசை) அது அரை அலைநீளம், சிக்கலில்லை. 20 மீற்றர் பாண்டில் அதே வயர் முழு அலைநீளமாகி நடுவில் ஆயிரக்கணக்கான ஓம் மின்மறுப்புக் காட்டும். ஃபீடரின் நீளம் வாய்த்தால் அந்த ஓம் அப்படியே டியூனர் வாசலில் வந்து நிற்கும். 5000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 100 வாட்டுக்கு 700 வோல்ட், உச்சத்தில் 1000 வோல்ட். ஈசி மேட்ச் 'இசட் மேட்ச்' என்ற சுற்று வகை. அதன் வெளியீட்டுச் சுருள் நிலத்தோடு சேராமல் தனித்து நிற்பதால் இரட்டைக் கம்பியை நேரே மாட்டலாம். ஓட்டோவின் வெளியீடு கோக்ஸியலுக்கானது (ஒரு கம்பியைச் சுற்றி மற்றது உறையாக இருக்கும் கேபிள்). நடுவே இரண்டையும் இணைக்கும் பலூன் (balun) என்ற மாற்றி ஒன்று வேண்டும், இப்படியான ஓமில் அந்தப் பலூன் சூடாகிச் சக்தியைத் தின்னும்.

இனிப் பராமரிப்பு. மறைக்காமல் சொல்கிறேன், பழைய பெட்டிதான் அதிகம் வேலை வைக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், குமிழ் திருப்பும் கேங் கண்டென்சரின் (ஒரே தண்டில் சுழலும் தகடுகள் கொண்ட மின்தேக்கி) தகடுகளுக்கு நடுவே தூசி படியும். வாடைக்காற்றோடு உப்பு ஈரம் வரும்போது அந்தத் தூசி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். தகடுகளுக்கிடையில் காற்று மட்டும் இருந்தால் தாங்கும் வோல்ட்டை இந்தப் படிவு தாங்காது. 20 மீற்றரில் பேசத் தொடங்கினால் 'டிக்' என்று பொறி பறக்கும். குமிழைத் திருகும்போது கரகரப்புக் கேட்டால் சுழலும் தண்டைத் தொடும் பித்தளை வில்லில் அழுக்கு என்று அர்த்தம்.

ஆனால் இவை கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும் கோளாறுகள். மூடியைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தட்டி, ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த துணித்துண்டைத் தகடுகளுக்கிடையே வளைக்காமல் இழுத்து, நன்றாக உலரவிட்டால் வேலை முடிந்தது. கறள் எடுக்கும் ஸ்பிரேயை மட்டும் உள்ளே அடிக்காதீர்கள். எண்ணெய்ப்படலம் தங்கி அடுத்த தூசியை அதுவே வரவேற்கும். மாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்த கண்ணாடி அலமாரிக்குள் பெட்டி இருக்கும். முன்பு 15 வாட் குண்டு பல்பை எரியவிட்டு அலமாரியைச் சூடாக வைப்பார்கள். அந்தப் பல்புக்கு இப்போது எங்கே போவது!

ஓட்டோ அடிக்கடி தொல்லை தராது. தந்தால்தான் சங்கடம். ரிலேயின் தொடுமுனை கருகினாலோ, உள்ளே எறும்பு புகுந்தாலோ வெளியே எதுவும் தெரியாது. ஒரு பாண்டில் மட்டும் டியூன் ஆகாமல் அடம்பிடிக்கும். எந்த ரிலே என்று தேடி, சின்ன போர்டில் இருந்து அதைக் கழற்ற நல்ல சோல்டரிங் கை வேண்டும். ஐப்பசி இடிமழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் இடி விழுந்தாலே அதன் சிப் போய்விடலாம். கல்முனை நண்பரின் ஓட்டோ அப்படித்தான் ஒரு மழையில் ஊமையாகி, கொழும்பு போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பியது. ஈசி மேட்சுக்குள் சுருளும் தகடும்தான், சிப் என்று ஒன்றுமே இல்லை. அதற்காக இடி நேரத்தில் ஃபீடரைக் கழற்றாமல் இருந்துவிடாதீர்கள், அது எந்தப் பெட்டிக்கும் பொது விதி.

'பழசுக்கு உதிரிப்பாகம் கிடைக்காதே' என்பார்கள். புதியதற்கு மட்டும் என்ன உத்தரவாதம்? 1972இல் தொடங்கிய அமெரிக்காவின் எம்.எஃப்.ஜே., டியூனர் என்றாலே முதலில் நினைவுக்கு வந்த பெயர், 2024 மே மாதத்தில் சொந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. கேங் கண்டென்சர் என்றால் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம், இல்லையென்றால் உடைந்த பழைய செட் ஒன்றில் இருந்து கழற்றலாம்.

ஈசி மேட்சின் குறைகளும் உண்டு. 160 மீற்றர் அதில் இல்லை. 80 மீற்றரில் குறைந்த ஓம் வந்தால் இசட் மேட்ச் வகைக்கே சக்தி வீணாவது கூடும். குட்டை வயர் போட்டிருப்பவர்கள் யோசிக்க வேண்டும். காற்றில் தென்னை ஆடினால் எஸ்.டபிள்யூ.ஆரும் ஆடும், நான் குமிழில் கை வைத்தபடியே பேசுவேன், ஓட்டோ தானே பார்த்துக்கொள்ளும். 100 வாட்டுக்கு மேல் நான் ஓட்டியதில்லை, லினியர் (சக்தியைக் கூட்டும் பெருக்கி) வைத்திருப்பவர்கள் என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு வெளிக்களத்துக்குப் போகிறவர்களும், அம்பாறை நகரம்போல் கடலுக்குத் தள்ளி இருந்து கோக்ஸியல் மட்டும் பாவிப்பவர்களும் ஓட்டோவையே வாங்கலாம்.

பழையது வாங்குவதென்றால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண்டென்சரை முழுச் சுற்றுச் சுற்றி, தகடுகள் எங்காவது உரசுகின்றனவா என்று பாருங்கள். உரசல் என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். சுருளை யாராவது அறுத்து ஒட்டியிருந்தால் வாங்காமல் விடுங்கள்.