ஹைட்ராலிக் ரோலர் கேமுக்கு எந்த ஸ்பிரிங், எந்த லிஃப்டர்?

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வோம். வால்வைத் திரும்ப மூடும் ஸ்பிரிங்கை மட்டும் கடைசி நாளில், இருப்பதிலேயே கெட்டியானது எதுவோ அதைக் கொடுங்கள் என்று வாங்கிவிடுவோம். நானும் அப்படி வாங்கியவன்தான். பழைய செவி ஸ்மால் பிளாக் (செவ்ரோலேயின் வி8 எஞ்சின்) ஒன்றுக்கு ஹைட்ராலிக் ரோலர் கேம் மாட்டியபோது, உள்ளே எண்ணெய் இல்லாமல் திடமாக இருக்கும் சாலிட் ரோலருக்கு உரிய இரட்டை ஸ்பிரிங்கைப் போட்டேன். நிமிடத்துக்கு 6,000 சுற்றைச் சுலபமாகத் தாண்டும் என்று நினைத்த எஞ்சின் 5,500-லேயே மூச்சு வாங்கியது. கூடவே தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். கேம் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பாவம், அது ஒன்றுமே செய்யவில்லை.

ஹைட்ராலிக் ரோலர் இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம். லிஃப்டர் என்பது கேம் மேல் ஊன்றி அதன் அசைவை வால்வு பக்கம் தள்ளும் உருளை. சக்கரம் வைத்த லிஃப்டர், அடி தட்டையான லிஃப்டரைவிடக் கனமானது. கேமின் புடைப்பான லோப்பின் சரிவும் செங்குத்து. அதனால் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் சக்கரம் லோப்பைவிட்டு எழும்பிவிடும். எழும்பின இடைவெளியை லிஃப்டருக்குள் இருக்கும் சின்ன பிஸ்டனான பிளஞ்சர் எண்ணெயால் நிரப்பிக்கொள்ளும். வால்வு முழுசாக மூடாது. சரி, கெட்டி ஸ்பிரிங் போடலாம் என்றால், பிளஞ்சரைத் தாங்குவது வெறும் எண்ணெய்த் தூண். அழுத்தம் கூடக்கூட அது ஓரமாகக் கசியும். எண்ணெயில் காற்று கலந்திருந்தால் அமுங்கவும் செய்யும். வால்வு எழ வேண்டிய உயரத்தில் கொஞ்சம் அங்கேயே தொலைந்துவிடும். என் எஞ்சினில் நடந்தது இதுதான்.

ஆகவே ஸ்பிரிங் அழுத்தத்தின் அளவு ஒரு குறுகிய சந்துக்குள் இருக்கிறது. தெருவில் ஓடும் எஞ்சினுக்கு வால்வு மூடியிருக்கும்போது 120 முதல் 150 பவுண்டு, முழுசாகத் திறந்தபோது 300 முதல் 375 பவுண்டு என்பது பொதுவாகச் சரிவரும். 400-ஐத் தாண்டினால் சாதாரண ஹைட்ராலிக் லிஃப்டரை நம்பாதீர்கள். சாலிட் ரோலருக்கு மூடிய நிலையிலேயே 200-க்கு மேல், திறந்தால் 500-க்கு மேல் போடுவார்கள். அந்த ஸ்பிரிங்குக்கு இங்கே வேலையில்லை.

இந்தச் சந்துக்குள் போட்டியிடுவது இரண்டு வகை: தேன்கூடு வடிவ ஒற்றை ஸ்பிரிங், உள்ளும் வெளியுமாக இரண்டு சுருள் கொண்ட இரட்டை ஸ்பிரிங். தேன்கூட்டின் மேல்முனை குறுகலாக இருப்பதால், ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் ரீடெய்னரும் சின்னதாகிவிடும். அந்த எடைக் குறைவுதான் முழு லாபமும். வால்வு பக்கம் எடை குறைந்தால், குறைந்த அழுத்தத்திலேயே அதைக் கட்டுப்படுத்த முடியும், பிளஞ்சரும் தப்பிக்கும். சுருள்கள் ஒரே அகலத்தில் இல்லாததால் ஸ்பிரிங் தன் போக்கில் அதிர்வதும் குறைவு. 2006-ல் வந்த கார்வெட் இசட்06-இன் எல்எஸ்7 எஞ்சின் இதற்கு நல்ல சாட்சி: ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டரை வைத்துக்கொண்டே 7,000 சுற்று வரை போகும். இன்டேக் வால்வை டைட்டானியத்தில் செய்து எடையைக் குறைத்தார்கள்.

இரட்டை ஸ்பிரிங்குக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு சுருள் உடைந்தாலும் இன்னொன்று வால்வைப் பிடித்துக்கொள்ளும். தேன்கூடு உடைந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழலாம்; அப்புறம் பிஸ்டன், ஹெட் எல்லாம் போச்சு. உள்சுருளும் வெளிச்சுருளும் உரசுவதால் அதிர்வு அடங்கும், கூடவே சூடும் ஏறும். வால்வு உயர்வு 0.600 அங்குலத்துக்குள் என்றால் நான் தேன்கூட்டையே எடுப்பேன். அதற்கு மேல், அல்லது மணிக்கணக்கில் உச்ச வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு, மிதமான இரட்டை ஸ்பிரிங்.

எதை எடுத்தாலும் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி மாட்டக்கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பிரிங் உட்காரும் உயரம் 1.800 அங்குலம், அங்கே 130 பவுண்டு. அங்குலத்துக்கு 380 பவுண்டு ஏறும் ஸ்பிரிங். வால்வு உயர்வு 0.550. திறந்தபோது 339 பவுண்டு, சரியான இடம். ஆனால் பலமுறை வால்வு சீட் வெட்டிய பழைய ஹெட் என்றால் வால்வு உள்ளே இறங்கி, ஸ்பிரிங் உட்காரும் உயரம் 1.850 ஆகியிருக்கலாம். மூடிய அழுத்தம் 111-க்கு விழுந்துவிடும். ஸ்பிரிங்குக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய வளையம் போட்டுத்தான் மீட்க வேண்டும். உயரம் அளக்கும் மைக்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ராக்கர் என்பது லிஃப்டரின் தள்ளலை வால்வுக்குப் பெருக்கிக் கொடுக்கும் நெம்புகோல். அதே எஞ்சினில் 1.5 விகித ராக்கரைக் கழற்றிவிட்டு 1.6 போட்டால்? உயர்வு 0.587 ஆகும், வால்வு பக்கம் 353 பவுண்டு, 14 பவுண்டுதான் கூடுதல். ஆனால் லிஃப்டர் மேல் விழுவது அந்த அழுத்தத்தை ராக்கர் விகிதத்தால் பெருக்கியது: 508 பவுண்டாக இருந்தது 565 ஆகிவிடும். ராக்கர் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காத இடம் இது. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். முழு உயர்விலும் 0.060 அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

லிஃப்டருக்கு வருவோம். சாதாரண ஓட்டம் உள்ளதா, குறுகிய ஓட்டம் உள்ளதா என்பதே முக்கியக் கேள்வி. சாதாரண வகையில் பிளஞ்சர் நிறைய தூரம் நகரும். அளவில் சின்னப் பிழை இருந்தாலும் மன்னித்துவிடும், சத்தமும் வராது. குறுகிய வகையில் பிளஞ்சர் நகர இடமே கொஞ்சம்தான். சக்கரம் எழும்பினாலும் அதிகம் நிரப்பிக்கொள்ளாது, அழுத்தத்தில் அதிகம் அமுங்காது. உச்ச வேகத்தில் இதுவே மேல். ஆனால் பொருத்துகிறவன் கவனமாக இருக்க வேண்டும்.

ஸ்டட் என்ற மரைக் கம்பியில் நட்டால் பிடித்த ராக்கரில் நடக்கும் ஒரு ஏமாற்றம் இங்கேதான். அங்குலத்துக்கு 24 மரை உள்ள 3/8 அங்குல ஸ்டட்டில், பிளஞ்சரைக் கொஞ்சம் அமுக்கி வைக்க நட்டை அரைச் சுற்று திருப்பினால் நட்டு இறங்குவது 0.021 அங்குலம். பிளஞ்சரும் அவ்வளவுதான் இறங்கும் என்று நினைக்கிறோம். ராக்கரின் ஒரு முனை வால்வு மேல் ஊன்றி நிற்பதால், 1.5 விகிதத்தில், லிஃப்டரையும் ராக்கரையும் இணைக்கும் புஷ்ராட் கம்பியின் முனை 0.035 இறங்கும். சாதாரண லிஃப்டருக்கு இது சரியான இடம். குறுகிய ஓட்டத்தில் மொத்த இடமே 0.060 அளவுக்குத்தான் என்றால், முழுச் சுற்று திருப்பியவர் பிளஞ்சரை அடியில் போய் முட்டவைத்திருப்பார். வால்வு சற்றுத் திறந்தே நிற்கும்.

நட்டின் சுற்றை எண்ணத் தொடங்க வேண்டிய பூஜ்ய இடைவெளியைக் கண்டுபிடிக்க புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. எண்ணெய் நிரம்பாத புது லிஃப்டரில் அது கையை ஏமாற்றும். பிளஞ்சர் அமுங்க ஆரம்பித்த பிறகுதான் சுழற்சி இறுகும். மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்ற அந்த இடம்தான் பூஜ்யம். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்றால் இன்னொரு விஷயம்: சூட்டில் எஞ்சின் இரும்பு புஷ்ராடைவிட அதிகம் விரியும், குளிரில் பிளஞ்சரை அமுக்கி வைத்த அளவு குறையும். குளிரில் அமைதியாக இருந்து, சூடானதும் டிக் டிக் என்று கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

லிஃப்டர் திரும்பாமல் பிடிக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையிலேயே ரோலருக்குச் செய்த பிளாக் என்றால் அதன் பிடிப்பான்களே போதும், உயரமான லோப்பில் லிஃப்டர் அதைவிட்டு வெளியே வராதவரை. பழைய பிளாக்கில் இரண்டு லிஃப்டர்களை இணைக்கும் பட்டை உள்ள வகைதான் வழி. ரோலர் லிஃப்டர் உயரமானது, எனவே பழைய புஷ்ராட் நீளம் பொருந்தாது.

என் எஞ்சினில் கடைசியில் தேன்கூடு ஸ்பிரிங், சாதாரண ஓட்டமுள்ள இணைப்புப் பட்டை லிஃப்டர், அரைச் சுற்று. தையல் மெஷின் சத்தம் போய்விட்டது, 6,000-மும் தாண்டுகிறது. புஷ்ராடை மட்டும் எல்லாவற்றையும் பொருத்தி, நீளம் மாற்றக்கூடிய ஒன்றை வைத்து அளந்த பிறகே வாங்கினேன்.