1966 மஸ்டாங் 289: என்ஜின் வேலை முடிந்து ஆறு வருடம்

என் ஃபோர்டு மஸ்டாங் காரின் 289 கன அங்குல என்ஜினைப் பிரிக்க, அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பைக் கழற்றியபோது அதில் நைலான் துணுக்குகள் கிடந்தன. இந்த என்ஜினின் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கியருக்குச் சத்தம் குறையட்டும் என்று ஃபோர்டு நைலான் பற்கள் வைத்திருந்தது. வயதானால் அவை உடைந்து ஆயில் பம்பின் வலையை அடைத்துவிடும். அதை எடுத்துவிட்டு கிளோய்ஸ் நிறுவனத்தின் இரட்டை ரோலர் செயின் போட்டேன். 22,000 மைல் ஓடியும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே மிச்சிகனில் எனக்கு வேலை செய்து தந்த லேத் பட்டறைப் பெரியவர், பிஸ்டனை வாங்கி வந்து தந்தால்தான் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் அடிப்பேன் என்றார். அது எவ்வளவு சரி என்று பிறகு புரிந்தது. 4 அங்குல போரை (சிலிண்டரின் உள்விட்டம்) 4.030 ஆக்கினோம். ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியாக அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டு சிலிண்டர் சுவரை ஹோன் செய்தார், அதாவது தேய்த்து நேர்த்தியாக்கினார். இன்றும் ஆயில் குடிக்கவில்லை.

நான் அடிபட்டது ஃபிளெக்ஸ் பிளேட்டில், அதாவது என்ஜினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டில். 289-இன் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தனியாகச் சமநிலையில் நிற்காது. முன்னால் பேலன்சர், பின்னால் ஃபிளெக்ஸ் பிளேட் இரண்டிலும் இருக்கும் கூடுதல் எடைதான் அதைச் சரிக்கட்டும். அந்தக் கணக்கு 28 அவுன்ஸ். 1980களின் தொடக்கத்தில் இதே குடும்பத்து 302 என்ஜினுக்கு ஃபோர்டு அதை 50 ஆக மாற்றியது. கடையில் '289/302' என்று சொல்லிக் கொடுத்த பெட்டியில் இருந்தது 50. போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின, எனக்குச் சந்தேகமே வரவில்லை. 2,500 ஆர்.பி.எம். தாண்டியதும் ஸ்டீயரிங் வரை அதிர்வு. கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று. பேலன்சரில் புல்லி மாட்ட மூன்று துளை இருந்தால் 28 என்று நம்பலாம். ஃபிளெக்ஸ் பிளேட்டில் அப்படி அடையாளம் கிடையாது. எத்தனை அவுன்ஸ் என்று வாயைத் திறந்து கேட்டு வாங்குங்கள்.

கேமில் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் பெரிய கேம் மீது ஒரு கண் இருந்தது. ஆனால் இரண்டு பேரல் ஆட்டோலைட் 2100 கார்புரேட்டரையும் ஆட்டோமேட்டிக் கியரையும் வைத்துக்கொண்டு அதைப் போட்டால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தொல்லை. பழைய அளவையொட்டிய மிதமான கேமையே எடுத்தேன், லிஃப்டர்களும் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டுகள்) புதுசு. பழைய லிஃப்டரைப் புது கேமில் ஓட்டவே கூடாது. முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 20 நிமிடம் 2,000 ஆர்.பி.எம். சுற்றில் ஓட்டினேன். அப்புறம் இன்றுவரை, கேம் தேயாமலிருக்க துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயில்தான்.

எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் (வால்வு மூடும்போது அமரும் வளையம்) போட்டது நல்ல செலவு. சீட்டைத் தேயாமல் காக்க, ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த ஹெட் அது; இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை.

கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பு கயிறு சீல் இருந்தது. ரப்பர் சீலுக்கு மாறும்போது பேரிங் கேப்பில் கயிற்றைப் பிடிக்க வைத்திருக்கும் சின்ன முள்ளைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் புது சீலைக் குத்திக் கிழித்துவிடும். பெரியவர் அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். கராஜ் தரையில் இதுவரை ஒரு சொட்டு விழவில்லை.

ஃபிளெக்ஸ் பிளேட் போக, திருப்தி தராதது வாட்டர் பம்ப் ஒன்றுதான். விலை குறைவான ரீபில்ட் பம்ப், இரண்டாம் வருடமே ஒழுகியது. அடுத்து புதுசாகவே வாங்கிப் போட்டேன், நான்கு வருடமாக ஓடுகிறது.